வெட்டிய ஓரங்களின் கனம்

மனைவியின் முதல் வருடத் திதிக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று தோன்றியது. திருச்சுழியில் தனியாக இருப்பவனுக்கு எது தோன்றினாலும் தடுக்க ஆளில்லை. அவளுடைய படங்களை எல்லாம் வேர்டு கோப்பில் ஒட்டி, அடியில் ஓரிரு வரி எழுதி, அருப்புக்கோட்டை அச்சகத்துக்கு மெயில் போட்டேன். கோப்பு கனம் என்று திரும்பி வந்தது. பென்டிரைவில் கொண்டுவரட்டுமா என்று அச்சகக்காரரிடம் போனில் கேட்டேன்.

"ஐயோ, வேணாம் அண்ணாச்சி! போன மாசம் ஒருத்தர் கொண்டாந்து சொருகுனாரு, கல்யாணப் பத்திரிகை பூராம் வைரசுல போச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரவுக அடிக்காத குறைதான். கனத்தக் குறைச்சு மெயில்லயே விடுங்க. நாளைக்குள்ள வந்தாத்தான் திதிக்குக் கிடைக்கும்."

படங்களின் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினேன். கோப்பு இம்மியும் இளைக்கவில்லை. பஸ்ஸில் ஒடுங்கி உட்கார்ந்தால் உடம்பு மெலிந்துவிடுமா என்ன?

இத்தனைக்கும் எல்லாப் படத்திலும் பாதியை ஏற்கனவே வெட்டியிருந்தேன். அது அவளுடைய அண்ணன் உத்தரவு. "மாப்ள, செத்தவுக பக்கத்துல உசுரோட இருக்கறவுகள அச்சடிக்கக் கூடாது. உங்க ஆயுசுக்கு ஆகாது." என் ஆயுள்மேல் இவ்வளவு அக்கறை காட்ட இன்னும் ஒரு ஆள் இருக்கிறாரே என்று மகிழ்ந்து, என்னை வெட்டிவிட்டேன்.

மெனுவில் துழாவியபோது படத்தைச் சுருக்க ஒரு வசதி கிடைத்தது. அதனடியில் ஒரு கேள்வி: வெட்டிய பகுதிகளை நீக்கவா? அப்போதுதான் உறைத்தது. வெட்டினாலும் எதுவும் போகவில்லை, மறைந்துதான் இருக்கிறது. ஒரு படத்தைப் பழையபடி விரித்துப் பார்த்தேன். தொப்பையும் நானுமாக அவள் பக்கத்தில் வந்து நின்றேன். கோப்பின் கனத்தில் பாதி நான்தான்.

முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன், வீட்டில் பார்க்க. பார்க்கப்போவது நான் மட்டும்தான். பிறகு, மொத்தமாக நீக்க வழியிருந்தும் மனம் வராமல், ஒவ்வொரு படமாக என்னை நீக்கிக்கொண்டே வந்தேன். கோப்பு இளைத்தது.

கடைசிப் படம் எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்தில் எடுத்தது. புழுதிக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறாள். நான் பஸ் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் மட்டும் என்னை நீக்காமல், வெட்டி மறைத்தது மறைத்தபடியே கோப்பை அனுப்பினேன். இந்த முறை போய்விட்டது.

சாயங்காலம் அச்சகக்காரர் கூப்பிட்டார். "இறங்கிருச்சு அண்ணாச்சி, வேலைய ஆரம்பிச்சாச்சு. ஆமா, கடைசிப் படத்துல அக்கா கையில ஏதோ சட்டைத் துணி தெரியுதே, அதையும் வெட்டிரவா?"

"வெட்டாதீக," என்றேன். "உள்ளே ஆள் இருக்கு."