புதன்கிழமை 4.10-க்குக் கோயில்

சனிக்கிழமை மதியம் என் மானம் போனது. சரியாகச் சொன்னால் 3.25-க்கு.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பெண்கள். இந்த மாதம் ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் சுயசரிதை படித்தோம். கூடவே என் பக்கத்து வீட்டு லில்லி போனில் சில வீடியோக்களைப் போட்டுக் காட்டினாள். லண்டனிலும் லாகோஸிலும் இருக்கும் கறுப்பினப் பெண்கள், சுருள்முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே சொந்தக் கதை சொல்கிறார்கள். பள்ளியில் அந்த முடியைக் கேலி செய்தது, அம்மாவோடு சண்டை, வேலை போனது... ஒளிவுமறைவே இல்லை. புத்தகத்து அம்மாளும் அப்படித்தான். ஊரார் என்னைப் பற்றிச் சொன்னது போதும், இனி நானே சொல்கிறேன் என்கிற தோரணை!

அந்த உற்சாகத்தில் ஒரு தீர்மானம் — அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும்.

எனக்கென்ன? இருபத்து மூன்று வருட டைரி இருக்கிறதே! நிமிடம் பிசகாத டைரி என்று வட்டத்தில் எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்? கம்பீரமாக வாசித்தேன். "புதன். மழை. 4.10 கோயில். 6.40 வீடு."

"அய்யோ மாமி, அது கள்ளமாக்கும்!" என்றாள் லில்லி. "புதனாழ்ச்சை நாம ரெண்டு பேரும் எர்ணாகுளத்துல டான்ஸ் கிளாஸ்ல இல்லியா?"

அறையே அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஏன் பொய் எழுதினேன்? என் டைரி மேஜைமேல் திறந்தே கிடக்கும். சிலிண்டர் எப்போது வந்தது, ப்ளம்பர் எப்போது வருவார் — எல்லாவற்றுக்கும் என் கணவர் அதைத்தான் புரட்டுவார். ஐம்பத்திரண்டு வயதில் மனைவி ஆடப் போகிறாள் என்று அதில் எப்படி எழுத? உலகமே பார்க்கும் என்று தெரிந்தும் அந்தப் பெண்கள் உண்மையைச் சொல்கிறார்கள். எனக்கோ வாசகர் ஒரே ஒருவர்!

அன்று மாலை திருத்தம் எழுதினேன். "புதன்கிழமைகளில் கோயில் இல்லை. நான்கு மாதமாக டான்ஸ். பிடித்திருக்கிறது." படித்துவிட்டு அவர் போகாதே என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் காலை 7.05. அவர் டைரியைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். நான் தோசைத் திருப்பியோடு சிலையாக நின்றேன்.

"அப்போ... வாராவாரம் பிரசாதம்னு உண்ணியப்பம் தந்தியே?"

"எர்ணாகுளம் பேக்கரி."

"அடிப்பாவி! கண்ணுல ஒத்திண்டுன்னா சாப்பிட்டேன்!"

கோபமா, சிரிப்பா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

"சரி, ஆடிட்டு வா," என்றார் கடைசியில். "பேக்கரியை மட்டும் மாத்திடாதே."