தரையைத் தொட்டுப் பார்த்த கம்பவுண்டர்

கருப்பையாவின் உத்தியோகம் ஒரு சீசா சிறுநீரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. அறந்தாங்கிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். அவர் எதிர் ஆபீஸின் பியூன். தபால்கட்டைச் சுமந்து ஊரெல்லாம் நடப்பவர். நூறு அடிக்கு ஒருமுறை சுவரோரம் குந்திவிடுகிறார், வேட்டியும் அடிக்கடி நனைந்திருக்கிறது, வேலைக்கு லாயக்குதானா என்று அவருடைய மேலதிகாரி எங்கள் டாக்டருக்கு எழுதிக் கேட்டிருந்தார். லாயக்கில்லை என்று சர்ட்டிபிகேட் போனால் ஐந்து பிள்ளைகளோடு அவர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு அவர்மேல் ஏற்கெனவே கடுப்பு. அவர் வழக்கமாகக் குந்துவது எங்கள் காம்பவுண்டுச் சுவரோரம். ‘இங்கு சிறுநீர் கழிக்கக் கூடாது’ என்று அவருக்காகவே நான் தாரால் எழுதிவைத்தேன். மறுநாள் ‘கூடாது’ என்பதற்கு நேர்கீழே குந்தியிருந்தார்.

சர்க்கரை வியாதிதான் என்று நானாகவே முடிவுகட்டி, எட்டுத் தடவை சிறுநீரை மருந்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தேன். சர்க்கரை இருந்தால் சிவக்க வேண்டிய மருந்து நீலமாகவே நின்றது. ஒரு நாள் முழுக்கப் பிடித்துவரச் சொல்லிப் பெரிய சீசா கொடுத்தேன். இருபது தடவை குந்துகிறவர் அரைச் சீசாதான் கொண்டுவந்தார். மீதி எங்கே என்று போலீஸ்காரன்போல் விசாரித்தேன்.

டாக்டரிடம் போய் இதைச் சொன்னேன். “பின்னாடியே போயி, அவரு குந்துன எடத்தைத் தொட்டுப் பாத்துட்டு வாய்யா” என்றார்.

வெள்ளைக் கோட்டோடு கடைவீதியில் அவர் பின்னால் போனேன். அவர் எழுந்த இடத்தில் நான் குனிந்து மண்ணைத் தடவினேன். காசைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு பேர் கூடவே தேடினார்கள். நாலு இடத்திலும் தரை காய்ந்து கிடந்தது.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து அடிவயிற்றை அமுக்கினார். குடம்போல் உப்பியிருந்தும் அவருக்கு முட்டுகிற உணர்ச்சியே இல்லை. ரப்பர் குழாயைச் செலுத்தியதும் ஒரு பேசின் நிரம்பிவிட, இன்னொன்றுக்கு ஓடினேன்.

அப்படியானால் எதற்குக் குந்துகிறீர் என்று டாக்டர் கேட்டார்.

“ரெண்டு காலும் மரத்துப்போயிருதுங்க. குந்துனா சரியாயிருது. காலு போச்சுன்னு தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிருவாக. மூத்திரம்னா வசவோட போயிரும்னு இருந்துட்டேங்க.”

அடிமுதுகில் நரம்பு போகும் வழி குறுகிவிட்டதுதான் கோளாறு என்றார் டாக்டர். கால் மரப்பதும், மூத்திரப்பை நிரம்பியது தெரியாமல் வேட்டியில் வழிவதும் அதனால்தானாம். உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தால் லாயக்குதான் என்று எழுதியனுப்பினார். ஆபீஸில் மணியடிக்கும் வேலை கொடுத்தார்கள். மூத்திரம் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் போக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மணியை அடித்த கையோடு கருப்பையா கொல்லைப்பக்கம் போவார். ரிட்டையர் ஆகும்வரை அந்த நேரம் தப்பவில்லை.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தார் எழுத்து மறையச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

இப்போது எனக்கும் இடுப்பில் அதே கோளாறு. போன மாதம் கால் மரத்து, புதுக்கோட்டையில் ஒரு கடைச் சுவரோரம் குந்தினேன். படித்தவர் மாதிரி இருக்கிறீர், இங்கேதான் போக வேண்டுமா என்று கடைக்காரர் சத்தம் போட்டார்.

“கிட்ட வந்து தரையைப் பாருங்க தம்பி” என்றேன்.

வந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். கருப்பையாவுக்கு நான் தாரால் எழுதிவைத்தேன்.