தகரத்துக்கு அந்தப் பக்கம்

காலையில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கும் என் மனைவிக்கும் எல்லாமே கேட்டது.

ஏதோ கல்லூரிப் பெண். கொரோனாவுக்கு மக்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அளக்கிறார்களாம்.

“ஒண்ணுன்னா பயமே இல்ல, அஞ்சுன்னா ரொம்பப் பயம். உங்களுக்கு எவ்வளவு சார்?”

“ஒண்ணு போட்டுக்கம்மா. தருமபுரத்துக்காரன் இதுக்கெல்லாமா பயப்படுவான்.”

“நோய் வந்து குணமானவங்களோட பழகுவீங்களா சார்?”

“தாராளமா. பக்கத்து வீட்டுலயே ஒருத்தங்க இருக்காங்க. நம்ம தங்கச்சி மாதிரி.”

தங்கச்சி என்றது என் மனைவியைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிய அன்றே, மீன் குழம்புக் கிண்ணம் கைமாறிக்கொண்டிருந்த இடுப்பளவுச் சுவர்மேல் அண்ணன் தகரம் அடித்துவிட்டார். இப்போது பேசியதும் அந்தத் தகரத்துக்குப் பின்னால் நின்றுதான்.

அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. தெருவில் வரிசையாகக் கேட்கிறார்கள் போல, அதே குரல்.

“உங்க பயம் எவ்வளவு சார்?”

“போன்ல வேணாம்மா. அளக்குற டேப்பு ஒண்ணு எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க. பக்கத்து வீட்டுல ஒண்ணுன்னு சொன்னாருல்ல, அது எங்க பக்கத்துலேருந்து அளந்தா ஆறடி வருது.”

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

உங்கள் தெருவில் பயம் எத்தனை அடி?