மறுப்பதற்காகக் கொடுத்த ரத்தம்

சீனரைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்பதற்காக, அம்மா இறந்த அன்று மலேசியாவின் கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டு வாசலிலேயே என்னைத் தடுத்துத் திருப்பி அனுப்பியவர் என் அண்ணன். பதினோரு வருடம் கழித்து அவருடைய சிறுநீரகங்கள் பழுதானபோது, நானே போன் செய்து, "நான் டெஸ்ட் எடுக்கிறேண்ணே" என்றேன்.

சிறுநீரகம் கொடுப்பதற்காக அல்ல. எல்லாம் பொருந்திய பிறகு, முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதற்காக. பூச்சோங்கிலிருந்து மருத்துவமனைக்குக் காரோட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்: "அன்னிக்கு என்னை வீட்டுக்குள்ள விடல. என் கிட்னி மட்டும் உங்க உடம்புக்குள்ள வரலாமா?"

ரத்த வகை பொருந்தியது. கடைசிப் பரிசோதனையின் முடிவைச் சொல்ல டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"சாரி லா, அக்கா. அண்ணன் ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடி உங்க செல்லைத் தாக்குது. உங்க கிட்னிய வெச்சா உடனே கெட்டுடும்."

நான் மறுப்பதற்கு முன்பே அவர் ரத்தம் என்னை மறுத்துவிட்டது. ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாத பாப்பா. நான் பண்ணதுக்கு, நீ வந்ததே பெருசு லா."

இன்றும் டயாலிசிஸ் செய்யுமிடத்தில், தங்கச்சி கிட்னி கொடுக்க வந்தாள் என்று எல்லோரிடமும் சொல்கிறார். உண்மையைச் சொல்லி இப்போதும் நான் பழி தீர்த்துக்கொள்ளலாம். வாய்வரை வருகிறது; அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுகிறேன்.