புளியமரம் தாங்கும் மாடி

"எலவனாசூர்கோட்டைக்கு இப்பால், சாலையோரப் புளியமரத்தையே தூணாக வைத்து ஒருவர் மாடி கட்டியிருக்கிறார். பார்க்காமல் ஊர் திரும்ப வேண்டாம்." களமருதூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர் 1987 ஆகஸ்ட் 2 தேதியிட்டு எழுதிய அஞ்சலட்டையில் இருந்த வரிகள் இவை.

செப்டம்பர் 16, புதன். நான்கு நாள் கல்வராயன் மலையில் அலைந்துவிட்டு, வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். மலைவீடுகளின் புல்கூரை இடுப்பளவுக்குத் தாழ்ந்து வருகிறது. காற்றுக்கும் மழைக்கும் அந்தத் தாழ்வு தேவை என்பது புரிந்தது. வாசல்தோறும் குனிந்த என் முதுகு மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விடுதி அறைக்குப் பன்னிரண்டு ரூபாய். மூட்டைப்பூச்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை.

செப்டம்பர் 17, வியாழன். படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கும் நாள். முதல் பேருந்து எப்படியும் தப்பிவிடும் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். தியாகதுருகம் தாண்டியதும் வண்டி நின்றது. மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த வேப்பமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது.

"எறங்குங்க. இனிமே உங்க காலுதான் பஸ்ஸு" என்றார் நடத்துநர். மீதிக் காசு கேட்டவரிடம், "மரத்தாண்ட கேளு" என்றார்.

பையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டு நடந்தேன். வெயில் ஏறிய பிறகு அந்த வீடு தெரிந்தது. கீழே சாதாரண ஓட்டு வீடுதான். பக்கத்தில் மண்சுவர் ஒன்று எழும்பி மாடியின் ஒரு பாதியைத் தாங்கியது. மறுபாதி புளியமரத்தின் கவட்டையில் உட்கார்ந்திருந்தது. பலகைத் தளத்தைத் துளைத்துக்கொண்டு அடிமரம் மேலே போயிற்று. மரம் ஆட இடம் வேண்டுமென்று சுற்றிலும் ஒரு கை அகலம் விட்டுத் தேங்காய்நார் அடைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் கோவிந்தன் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மரத்தில் நெடுஞ்சாலைத் துறை எழுதிய வரிசை எண்ணைக் காட்டி, "கெவுருமென்டு தூணுங்க. ரிப்பேரு வந்தா அவுங்களே பாத்துக்குவாங்க" என்றார். நடந்த களைப்பிலும் சிரித்தேன்.

ரம்பமும் கோடரியுமாக ஆறேழு பேர் வந்தார்கள். முன்னால் வந்த ஏழுமலை, கோவிந்தனின் அக்கா மகன்.

"மாமா, மேல இருக்கிற சாமானெல்லாம் எறக்கிடுங்க."

"இன்னாத்துக்குடா?"

"இத்த சாய்ச்சாதான் ஒரு லாரியும் நவுராது."

டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்த கோவிந்தனின் மகனும் அன்று உளுந்தூர்பேட்டை மறியலில் உட்கார்ந்திருந்தான். "நம்ப பசங்களுக்குத்தான கேக்குறாங்க" என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டு, படுக்கையை இறக்க மாடிக்கு ஏறினார்.

அவர் மனைவி பச்சையம்மா ஈரக்கையோடு வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"வேல எப்ப வருமோ, மழ அடுத்த மாசம் வந்துடும். ஏழுமல, மொதல்ல உன் வூட்டுக் கூரையப் பிரிச்சி ரோட்டுல போட்டுட்டு வா."

"போட்டா ஆடுதான் மேயும், அத்தே. பஸ்ஸு நிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை, நகரவுமில்லை. வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பனைமரத் துண்டுகளைக் கை காட்டினார்.

"அத்த எடுத்துக்கினு போங்க."

"அது ரெண்டாவது ரூமுக்கு வாங்கினதுடி" என்றார் மேலிருந்து கோவிந்தன்.

"மொத ரூமு நிக்கட்டும்."

ஏழுமலை ரம்பத்தைக் கீழே வைத்தான். கோவிந்தன் படுக்கையை மேலேயே போட்டுவிட்டு இறங்கி வந்து, முதல் துண்டுக்குத் தோள் கொடுத்தார். சாலையில் போட்டதும் அதைத் தட்டிப் பார்த்தார்.

"வைரம் பாஞ்ச மரம்டா."

"திருப்பிக் குடுத்துடறோம் மாமா."

"போலீசு எடுத்துக்கினா?"

ஏழுமலை அடுத்த துண்டை எடுக்கப் போனான். நான் பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பனைகளைத் தாண்டி நடந்தேன். களமருதூரில் நண்பர் வீட்டை அடைந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மறியல் ஓய்ந்து வண்டி ஓடும்வரை அங்கேயே கிடந்தேன்.

1988 சனவரியில் அதே வழியாகப் போனபோது, பேருந்துச் சன்னல் வழியே மாடி தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. ஓர் அறைதான். பனைகளைப் பையன்களே திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள் என்கிறார் நண்பர். போலீஸ் லாரியில் ஏற்றிப் போனதைக் கண்ணால் பார்த்ததாக எலவனாசூர்கோட்டை டீக்கடைக்காரர் சொன்னார். நான் இறங்கிப் போய்க் கோவிந்தனைக் கேட்கவில்லை. இரண்டில் எது உண்மை என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.