இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் இன்ஜினியர். என் தம்பி ஆலங்காயம் மலைப்பாதையில் மினி லாரி ஓட்டினான். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிடுவான்.

"மைலேஜ் ஜாஸ்திக்கா. இன்ஜினியர் மேடத்துக்கு இதுகூடத் தெரியாதா?" என்பான். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் அப்படி இறங்கியபோது, சில முறை மிதித்ததுமே பிரேக் பெடல் இறுகிவிட்டது; எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. இன்ஜின் ஓடினால்தான் அதற்கு முழுப் பலம். வண்டி பாறையில் மோதியது. தம்பியின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

"இத்தினி நாள்ல எவ்ளோ டீசல்க்கா மிச்சம் ஆயிருக்கும்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டான்.

கம்பெனிக்கு வரும் ஓட்டுநர்களிடம் இப்போது தவறாமல் சொல்கிறேன்: "கியர்லயே இறங்குங்கண்ணே. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலே இப்ப வர்ற வண்டியில டீசல் போறது தானா நின்னுடும். ஆஃப் பண்ணி ஒண்ணும் மிச்சமாகாது."

தம்பியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.