போதகர் வாசித்த இரண்டாவது பெயர்

திருப்பதி லேபில் என்னோடு வேலை செய்யும் தெலுங்குப் பெண் நேற்று மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, இப்ப வெலிகிந்தி!" என்று துள்ளினாள். மண்டைக்குள் விளக்கு எரிந்துவிட்டதாம். நாம் பொறி தட்டியது என்போம். எனக்கென்னவோ இரண்டும் ஒத்துவராது. உறைத்தது என்றுதான் சொல்வேன். மிளகாயைக் கடித்தவளுக்கு வெளிச்சமா தெரியும்?

எனக்கு உறைத்தது சித்தூரில், எங்கள் சபைக் கோயிலில். தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வேலைக்குப் போய்வந்த காலம். வாலிபர் கூட்டத்தில் பழகிய ஜெபராஜும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். "நைனா போதகர்கிட்ட பேசிக்கினு கீறாரு," என்றான் ஒருநாள், அவன் அப்பாவைச் சொல்லி. போதாதா? எங்கள் வீட்டிலிருந்து யாரும் போதகரிடம் என் பெயரைக் கொடுக்கவில்லையே என்று யோசிக்கத் தோன்றாத புத்திசாலி நான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனையின் நடுவே பெயர் வாசிப்பார்கள். மாப்பிள்ளை முதலில், பெண் அடுத்து. அந்த ஞாயிறு ஜெபராஜ் பெயர் வந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அடுத்து வந்தது பலமனேர்ப் பெண் ஒருத்தியின் பெயர்.

அழுகை வரவில்லை. அவன் அம்மாவின் முகம்தான் வந்தது. எத்தனை முறை எங்கள் வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்திருக்கிறார்! டீ நீட்டினால், "வேணாம்மா, இப்பதான் குடிச்சிக்கினு வந்தேன்." பிஸ்கட் என்றால், "சுகர் கீதும்மா." கிறிஸ்துமஸ் கேக்கை மட்டும் பையில் போட்டுக்கொள்வார். பாவம், பசியே எடுக்காத மனுஷி என்று நினைத்திருந்தேன். எங்கள் ஜாதிக்காரர் கை பட்டதை அவர் வாயில் வைக்கமாட்டார் என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் உறைத்தது. ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆகியிருந்தது. எந்தத் தண்ணீரும் அதைக் கழுவவில்லை.

"இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்," என்றார் போதகர். முன்வரிசைத் தலைகளெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க நம்ம ஆளுங்கள்ல பொண்ணு எடுக்கமாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி. சபைக்கே தெரியுமே."

அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது பெயர் வாசிப்பது ஒழிந்துவிட்டது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டுவிடுகிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் ஜெபராஜ் மகளின் அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளை அவர்கள் ஆட்களில்தான். வரிசையாக எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.